கரிசல் வெயிலில் டர்போ வண்டிக்கு மிக்சர் பார்ப்பது

கார்பரேட்டர் காலத்தில் கோவில்பட்டி ஒர்க்‌ஷாப்புகளில் மிக்சர் பிடிக்க ஒரு திருப்புளியும் நல்ல காதும் போதும். ஸ்குருவை முக்கால் சுற்றுத் திறந்து, வண்டியைப் பஜார் வரை ஓட்டிவந்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தால் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் வைத்த டர்போ பெட்ரோல் வண்டியில் அந்த ஸ்குரு கிடையாது. அதற்குப் பதில் ஈ.சி.யூ.வுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது, அதுதான் மேப். பக்கவாட்டில் ஆர்.பி.எம்., மேலிருந்து கீழே மேனிபோல்டு அழுத்தம். 16-க்கு 16 என்றால் 256 கட்டங்கள். லேப்டாப்பை மாட்டினால் ஒவ்வொரு கட்டத்தையும் மாற்றலாம். ஒவ்வொரு கட்டத்திலும் தப்பும் பண்ணலாம்.

போர்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் இன்ஜினில், ஒரிஜினல் ஈ.சி.யூ.வை ரீமேப் செய்பவர்களுக்கும் தனி ஈ.சி.யூ. மாட்டியிருப்பவர்களுக்கும் இந்த அத்தியாயம் பயன்படும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் ‘டிரிம் என்ன சொல்கிறது’ என்ற சோதனைப் பகுதியை மட்டும் படித்துவிட்டு, மேப்பை அதில் பழகியவர்களிடம் விடுவது நல்லது. அங்கே பம்பும் இன்ஜெக்டரும் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் வேலை செய்கின்றன, கணக்கே வேறு. டீசலுக்கு இதில் ஒன்றும் இல்லை.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. பந்தயத்துக்கும் டிராக்குக்கும் என்று தனியாக வைத்திருக்கும் வண்டியில் கை வைப்பது ஒரு விஷயம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் வண்டியில் கை வைப்பது வேறு விஷயம். அந்த இரண்டாவது வண்டிக்கு இந்த அத்தியாயத்தின் முதல் பாதியே போதும். பெரும்பாலும் அதிலேயே குறை தீர்ந்துவிடும்.

லாம்டாவில் பேசுங்கள்

ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. இப்போது பங்கில் நீங்கள் போடுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. அதற்குச் சரியான விகிதம் ஏறக்குறைய 13.5. பழைய இ10-க்கு 14.1.

ஆகவே ‘12-ல் வை’, ‘11.5-ல் வை’ என்று பழைய கணக்கில் யாராவது சொன்னால், எந்தப் பெட்ரோலுக்கு என்று கேளுங்கள். இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் லாம்டாவில் பேச வேண்டும். எந்த எரிபொருளாக இருந்தாலும் காற்றும் எரிபொருளும் மிச்சமில்லாமல் எரியும் இடம் லாம்டா 1.00. அதற்குக் கீழே ரிச் (பெட்ரோல் கூடுதல்), மேலே லீன் (காற்று கூடுதல்). உங்கள் மீட்டர் 14.7 என்று காட்டினாலும் அது உண்மையில் பார்ப்பது லாம்டா 1-ஐத்தான், 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். தொட்டியில் இ20 இருப்பது அதற்குத் தெரியாது.

இ10-க்காகப் போட்ட மேப் இ20-ல் ஓடினால், அதே லாம்டாவுக்கு 4 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக எரிபொருள் வேண்டும். எத்தனாலே இல்லாத காலத்து மேப் என்றால் 9 சதவீதம். ஐட்லிங்கிலும் நிதான ஓட்டத்திலும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈ.சி.யூ. தானே இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். முழு ஆக்சிலேட்டரில் பல வண்டிகளில் அந்தச் சென்சாரைப் பார்ப்பதில்லை. மேப்பில் எழுதியிருப்பதை அப்படியே பீய்ச்சும். எழுதியது குறைவாக இருந்தால் கேட்க ஆளில்லை. பிஸ்டன் உருகுவது அங்கேதான்.

டிரிம் என்ன சொல்கிறது

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு சாதாரண ப்ளூடூத் கருவியை மாட்டினாலே ஈ.சி.யூ. தானே செய்யும் அந்தச் சரிக்கட்டலின் அளவு, அதாவது ஷார்ட் டெர்ம் டிரிம், லாங் டெர்ம் டிரிம் இரண்டும் தெரியும். கல்லாவில் குறையும் காசைத் தன் பையிலிருந்து போட்டுக் கணக்கைச் சரியாகக் காட்டும் கணக்கப்பிள்ளை மாதிரி, வண்டியில் எது கெட்டாலும் டிரிம் அதை மூடி மறைத்து லாம்டாவை 1-ல் நிறுத்திக் காட்டும். அதனால் லாம்டா சரியாக இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். அதை அங்கே நிறுத்த டிரிம் எவ்வளவு கொடுக்கிறது என்று பாருங்கள். கூட்டலோ கழித்தலோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10-ஐத் தாண்டினால் மேப்பைத் தொடவே கூடாது.

எண்ணைவிட அது எங்கே ஏறுகிறது என்பது முக்கியம். ஐட்லிங்கில் கூட்டல் 15, இன்ஜினை 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் 3 என்று இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது: வாக்குவம் ஹோஸ், மேனிபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய். ஐட்லிங்கில் சரியாக இருந்து, லோடு ஏற ஏறக் கூட்டல் கூடினால் பெட்ரோல் போதவில்லை: பம்பு, ஃபில்டர், அல்லது காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். கம்பியில் அழுக்கு. டிரிம் கழித்தலில் ஆழமாக இருந்தால் இன்ஜெக்டர் ஒழுகலாம், பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தே நிற்கலாம்.

எம்.ஏ.எஃப். கம்பி அழுக்காவது நம் பக்கத்தில் சாதாரணம். கரிசல் புழுதி மாவு மாதிரி நுணுக்கம். கோடை உழவு நேரத்தில் இடைசெவல், நாலாட்டின்புத்தூர் பக்கத்துக் காட்டுப் பாதையில் ஒரு வாரம் ஓடிய வண்டியின் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். ‘பிக்கப் ஏறும்’ என்று கூம்பு வடிவத் திறந்த ஃபில்டரை வாங்கி மாட்டுகிறார்கள். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் என்றால் அந்த எண்ணெயும் கம்பியில் போய் ஒட்டும். அதன் மேல் புழுதி படியும். கம்பி காற்றைக் குறைத்து அளக்கும், ஈ.சி.யூ. பெட்ரோலைக் குறைக்கும், வண்டி லீன் ஆகும். அதற்குத் தப்பிய புழுதி டர்போவின் கம்ப்ரசர் பிளேடு விளிம்பைத் தேய்க்கும். இந்த ஊருக்குக் கம்பெனிப் பெட்டியும் காகித ஃபில்டரும்தான் சரி. அதிக இடைவெளி விடாமல் மாற்றுங்கள்.

இன்னொன்று அடிக்கடி வரும். “அண்ணாச்சி, பூஸ்ட் ஏறும்போது கறுப்பாப் புகையுது. மிக்சரைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க.” எம்.ஏ.எஃப். வைத்த வண்டியில் இந்தக் குரல் கேட்டால் லேப்டாப்பை மூடி வையுங்கள். “குறைக்கலாம் தம்பி, மொதல்ல ஹோஸைப் பாப்போம்.” சென்சார் அளந்த காற்று டர்போவைத் தாண்டி, இன்டர்கூலர் ஹோஸின் கீறல் வழியே வெளியே போய்விடுகிறது. போன காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் விழுகிறது, புகைகிறது. மிக்சரைக் குறைத்தால் புகை நிற்கும். பிறகு யாராவது ஹோஸை மாற்றும் அன்று அதே மேப் இன்ஜினைக் கொன்றுவிடும். மேனிபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் ஒழுக்கு மிக்சரை இப்படிக் கெடுக்காது. அளப்பது ஒழுக்குக்குப் பிறகு மிஞ்சிய அழுத்தத்தை. அங்கே டர்போதான் கூடுதலாகச் சுற்றிச் சூடாகும்.

ஒழுக்கைப் பிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. மோட்டார் பம்பு சாமான் கடையில் டர்போ வாய்க்குப் பொருந்தும் பி.வி.சி. மூடி ஒன்று வாங்கி, நடுவில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வைப் பூட்டுங்கள். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, டர்போ வாயில் ரப்பர் ஹோஸ் வைத்து இந்த மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிராங்க் கேஸ் பிரீதர் குழாய் அந்த வழியில் சேர்ந்தால் அதையும் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் சீலில் அழுத்தம் ஏறும். கம்ப்ரசரில் மெதுவாக 5, 10, 15 பி.எஸ்.ஐ. என்று ஏற்றுங்கள். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் குண்டு மாதிரி வரும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு கிளாம்பிலும் தடவிப் பாருங்கள். 5-ல் ஒன்றும் தெரியாது. 10-ஐத் தாண்டும்போது, இன்டர்கூலரின் அடி ஹோஸில், கிளாம்பின் விளிம்பு அழுத்தும் இடத்தில், நகக்கண் அளவு கீறல் வாய் திறந்து நுரை கிளம்பும். கையால் தடவிப் பார்த்தபோது அது மூடித்தான் இருந்தது.

அடுத்தது பெட்ரோல் அழுத்தம். திரும்பு குழாய் உள்ள வண்டியில் ரெகுலேட்டர் மேனிபோல்டைப் பார்த்து வேலை செய்யும்: பூஸ்ட் ஒரு பார் ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் ஒரு பார் ஏறி, இன்ஜெக்டரின் இரு பக்க வித்தியாசம் அப்படியே நிற்கும். திரும்பு குழாய் இல்லாமல் 4 பாரில் நிலையாக நிற்கும் வண்டியில் ஒரு பார் பூஸ்ட்டில் வித்தியாசம் 3 பாராகக் குறைகிறது. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 13 சதவீதம் பெட்ரோல் குறைவு. இதை ஈ.சி.யூ.வின் இன்ஜெக்டர் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் மேப்பில் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சரிக்கட்டிய வண்டிகளே அதிகம்.

வைட்பேண்டை மாட்டும் இடம்

வண்டியோடு வந்த பழைய வகை நேரோபேண்ட் சென்சார் 0.45 வோல்ட்டை ஒட்டி ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. பூஸ்ட்டில் டியூன் செய்ய வைட்பேண்ட் கட்டாயம். பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 பரவலாகக் கிடைக்கிறது. டர்போவுக்கு முன்னால் மாட்டாதீர்கள். அங்கே சூடும் பின்னழுத்தமும் அளவைக் கெடுக்கும். டர்போவைத் தாண்டி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், குழாயின் மேல்பக்கம் சரிவாக மாட்டுங்கள். காலையில் குழாயில் ஊறும் நீர் உள்ளே சொட்டாது. கரன்ட் கொடுக்காமல் சென்சாரைக் குழாயில் வைத்து ஓட்டினால் கரி பிடித்துச் செத்துப்போகும்.

சென்சார் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. அது பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனைப் பார்க்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் தவறினால் அதன் காற்று அப்படியே வெளியே வரும். மீட்டர் லீன் என்னும். மிஸ் ஆவதே ரிச்சினால் என்றால், லீன் என்று நம்பி இன்னும் பெட்ரோல் கூட்டுவீர்கள். இன்னும் மிஸ் ஆகும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஒழுக்கு இருந்தாலும் இதே பொய்தான்.

நிதான ஓட்டம்: நான்குவழிச் சாலையில்

பூஸ்ட் இல்லாத கட்டங்களை ரோட்டிலேயே பார்த்துவிடலாம். கோவில்பட்டியிலிருந்து இடைசெவல், சாலைப்புதூர் சுங்கச்சாவடி வழியே கயத்தாறு வரை என்.எச். 44 மட்டமாக நேரே போகிறது. சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் 60, 80, 90 என்று பிடித்து ஓட்டி லாக் எடுங்கள். லேப்டாப் பக்கத்து சீட்காரரிடம் இருக்கட்டும். போகும்போதும் எடுக்க வேண்டும், திரும்பும்போதும் எடுக்க வேண்டும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று வண்டியின் லோடையே மாற்றிவிடும். ஒரே வேகத்தில் போக 10 கிலோ பாஸ்கல் மேனிபோல்டு அழுத்தம் கூடக் கேட்கலாம். நல்லதுதான், கூடுதல் கட்டங்கள் நிரம்பும்.

திருத்தும் கணக்கு எளிது. கட்டத்தில் இருக்கும் எண்ணை, அளந்த லாம்டாவால் பெருக்கி, வேண்டிய லாம்டாவால் வகுக்க வேண்டும். கட்டத்தில் 60, அளந்தது 1.05, வேண்டியது 1.00 என்றால் புது எண் 63. ஒரு கட்டத்தை மட்டும் தூக்கிவிட்டு அக்கம்பக்கத்தை அப்படியே விடாதீர்கள். மேடு பள்ளம் இல்லாமல் தேய்த்து விடுங்கள். காற்றின் இயல்பில் அப்படித் திடீர் மேடு வராது. வந்திருந்தால் அது லாக் எடுத்த தப்பு.

பூஸ்ட்: ரோட்டில் வேண்டாம்

முழு ஆக்சிலேட்டரில் டியூன் செய்ய என்.எச். 44 இடமில்லை. எதிர்த் திசையில் பைக் வரும், ஆட்டுக் கிடை குறுக்கே போகும், உள்சாலைகளில் உளுந்தும் சோளமும் காயும். வண்டியை உருளை மேல் ஓட்டிப் பார்க்கும் டைனோவுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குக் கோயம்புத்தூர்தான் ஊர். செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால், பந்தய வண்டி செய்து பழகிய கைகள் அங்கே நிறைய. 2018 அக்டோபரில் டாடா மோட்டார்ஸும் அந்த ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து வெளியிட்ட டியாகோ ஜே.டி.பி.யைக் கவனியுங்கள். 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், 114 பி.எஸ்., 150 நியூட்டன் மீட்டர். அதே அளவு இன்ஜினோடு அப்போது விற்ற நெக்ஸானில் 110 பி.எஸ்., 170 நியூட்டன் மீட்டர். பெயரெடுத்த பந்தயக் கம்பெனி கை வைத்த வண்டியிலேயே பவர் கொஞ்சம்தான் கூடுதல், டார்க் குறைவு. நம் ஆட்கள் முதலில் கேட்பது 2,000 ஆர்.பி.எம்.மிலேயே டார்க்கைத் தூக்கச் சொல்லித்தான். நாக்கிங்கும் கியர்பாக்ஸ் உடைவதும் அங்கிருந்துதான் வருகின்றன.

டைனோவுக்குப் போகுமுன் இன்ஜெக்டர் போதுமா என்று காகிதத்தில் பாருங்கள். 110 கிலோவாட் (150 குதிரைத்திறன்) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.36 கிலோ குடிக்கும். ஆக மணிக்கு 40 கிலோ, 53 லிட்டர். நிமிடத்துக்கு 886 சி.சி., நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் 221. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 260 சி.சி. இன்ஜெக்டர் வேண்டும். இது சுத்தப் பெட்ரோல் கணக்கு. இ20-க்கு இன்னும் 8, 9 சதவீதம் சேர்த்து 280. இன்னொரு வழியாகவும் பார்க்கலாம்: 6,000 ஆர்.பி.எம்.மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய, அதாவது கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற, 20 மில்லி செகண்ட்தான் நேரம். லாக்கில் இன்ஜெக்டர் 17 மில்லி செகண்டைத் தாண்டினால் அதற்கு மேல் மேப்பில் எழுதும் எண் வெறும் எண்தான்.

பூஸ்ட் கன்ட்ரோலைக் கழற்றிவிட்டு, வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்ட்டில் தொடங்குங்கள். இக்னிஷன் டைமிங்கைப் பல டிகிரி பின்னால் இழுத்து வையுங்கள். முதலில் பெட்ரோல், பிறகு பூஸ்ட், கடைசியில் டைமிங். 100 கிலோ பாஸ்கலில் (பூஸ்ட் தொடங்கும் இடம்) லாம்டா 0.90-க்கு அருகில், அங்கிருந்து படிப்படியாக இறக்கி ஒரு பார் பூஸ்ட்டில் 0.80. அந்த ஒரு பார் பூஸ்ட்டில் 0.85-க்கு மேலே வெயில் காலத்தில் நான் விடுவதில்லை. அளந்தது 0.86, வேண்டியது 0.80, கட்டத்தில் 92 என்றால் 98.9 என்று திருத்துங்கள். ஆனால் 0.86 என்று பார்த்ததுமே ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். அந்த ஓட்டத்தை முடித்துவிட்டுத் திருத்தலாம் என்று இருக்கக் கூடாது.

ரிச்சாக வைத்தால் பாதுகாப்பு என்று 0.72-க்கு இறக்குகிறவர்களும் உண்டு. பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி ஆயில் பாத்திரத்தில் சேர்கிறது, பிளக் கரிபிடிக்கிறது, பவர் குறைகிறது. நாக்கிங் இருந்தால் டைமிங்கைக் குறைக்க வேண்டும், பூஸ்ட்டைக் குறைக்க வேண்டும், காற்றைக் குளிர வைக்க வேண்டும். பெட்ரோலை ஊற்றி நாக்கிங்கை அடக்குவது ஓரளவுக்குத்தான் நடக்கும்.

மே மாதத்தில் ஒரு டீ

டைனோவில் ஃபேன் போட்டு, காலை நேரத்தில் எடுத்த மேப் கோவில்பட்டியின் மே மாதத்தில் என்ன செய்யும்? வெளியே 38, 39 டிகிரி. உள்ளே போகும் காற்று 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏறினால் அதன் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. மேப் சென்சார் வண்டியில் ஈ.சி.யூ. இந்தக் கணக்கைக் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரை வைத்துத்தான் போடுகிறது. இனி கவனியுங்கள். வெயிலில் ஓடிவந்து, கடலைமிட்டாய் வாங்க வண்டியை நிறுத்தி, ஒரு டீயும் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்கிறீர்கள். இன்ஜின் சூடு ஏறி மேனிபோல்டும் அதில் பொதிந்த சென்சாரும் கொதிக்கின்றன. சென்சார் 75 டிகிரி என்கிறது. உண்மையில் உள்ளே போகும் காற்று 50. ஈ.சி.யூ. 7 சதவீதம் பெட்ரோலைக் குறைத்துவிடும். வண்டி லீன் ஆகி ஐட்லிங்கில் தள்ளாடும், முதல் கியரில் இடறும். “வெயில்ல நின்னா வண்டி மக்கர் பண்ணுது” என்று கொண்டுவரும் பாதிப் புகார் இதுதான்.

இதற்காக ஐட்லிங் கட்டங்களை ரிச் ஆக்கினால் காலையில் புகையும். சென்சாரை உலோக மேனிபோல்டிலிருந்து எடுத்து, இன்டர்கூலருக்குப் பின்னால் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயில் மாட்டுவது முதல் வழி. முடியாவிட்டால், ஈ.சி.யூ.வில் காற்றுச் சூட்டுத் திருத்தத்தைக் காற்றோட்டம் குறைவாக இருக்கும்போது மட்டும் பலவீனப்படுத்துங்கள். அதிகக் காற்றோட்டத்தில், அதாவது பூஸ்ட்டில், திருத்தம் முழுசாக இருக்க வேண்டும். கூடவே காற்று 60 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரண்டு டிகிரி டைமிங் குறையும்படி எழுதி வையுங்கள். நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது சோம்பேறித்தனம். அது வேலை செய்யத் தொடங்கும்போது நாக்கிங் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

மேப்பைச் சேமிக்கும்போது தேதி, எந்தப் பெட்ரோல், வெளிச் சூடு மூன்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் புதுசு’ என்று வைத்தால் ஆடியில் எதை எடுப்பது என்று தெரியாது.

குளிர் ஸ்டார்ட்டைக் கடைசிக்கு விடுங்கள். நம் ஊரில் மார்கழி விடியலில்கூடக் கடுங்குளிர் இல்லை. ஆனாலும் இன்ஜின் முழுசாக ஆற ஓர் இரவு வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும். எத்தனால் குளிரில் ஆவியாகத் தயங்கும், ஆகவே இ20-ல் முதல் சில நொடிகளுக்குப் பழைய மேப்பைவிடச் சற்றுக் கூடுதல் பெட்ரோல் கேட்கும். வைட்பேண்ட் சூடாகி அளக்கத் தொடங்கும் வரை காதுதான் கருவி. ஸ்டார்ட் ஆனதும் ஏறி, விழப்போய், பிடித்துக்கொண்டால் ஸ்டார்ட்டுக்குப் பின் வரும் கூடுதலை 5 சதவீதம் ஏற்றுங்கள். ஏறி, கனத்து, சைலன்சரில் பெட்ரோல் வாடை அடித்தால் 5 சதவீதம் இறக்குங்கள். சாவியை எடுத்துவிட்டு மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள்.